கப்பல் அறை கருவாடு ஆகாது!



நகைச் சீட்டைப் பற்றியும் ஆடித் தள்ளுபடியைப் பற்றியும் இந்தப் பகுதியில் நாம் நிறையவே பேசியாகி விட்டது. "செய்கூலி இல்லை, சேதாரம் இல்லை என்றால் கடைக்காரர் எதில்தான் பிழைக்கிறார்?" என்று பேப்பரும் பென்சிலுமாக உட்கார்ந்து கணக்குப் போட்டோம். இந்தத் தடவை கொஞ்சம் பெரிய கடை. சாப்பாடு, படுக்கை, ஆட்டம் பாட்டம் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு தண்ணீரில் மிதக்கிற கடை. ஆமாம், உல்லாசக் கப்பலைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

"நமக்கும் கப்பலுக்கும் என்னடி சம்பந்தம்?" என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். கப்பலில் உல்லாசமாகப் போவது பணக்காரர்கள் சமாசாரம் என்று நாம் நினைத்திருந்த காலம் போய்விட்டது. 2022 ஜூன் மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து கார்டிலியா நிறுவனத்தின் 'எம்பிரஸ்' என்ற கப்பல் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. மறு வருஷம் ஜூனில் அதே கப்பல் சென்னையிலிருந்து இலங்கைக்கே போய் அம்பாந்தோட்டை, திரிகோணமலை, காங்கேசன்துறை எல்லாம் காட்டி வந்தது. பிள்ளையோ பெண்ணோ சிங்கப்பூரில் வேலை பார்த்தால், பெற்றோர் போய் இறங்கியதும் "வாங்கம்மா, மூணு நாள் கப்பல்ல போயிட்டு வரலாம்" என்பது இப்போது சர்வசாதாரணம். அறுபதாம் கல்யாணம், ஓய்வு பெற்ற சந்தோஷம், கல்யாண நாள் என்று ஏதாவது ஒரு சாக்கு. செல்போனைத் திறந்தால் "ஆளுக்கு இவ்வளவு முதல்" என்று விளம்பரம். அந்த 'முதல்' என்ற சின்ன எழுத்தில்தான் எல்லாமே இருக்கிறது!

இலவசமாக ஒரு குடை

கப்பல் கட்டணத்தில் சலுகையும் இலவசமும் தமிழர்களுக்குப் புதிதில்லை. கப்பலோட்டிய தமிழன் வ.உ.சி.யின் கதையை நம் பிள்ளைகள் பள்ளிப் பாடத்தில் படிக்கிறார்கள். 1906ஆம் வருஷம் அவர் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியை ஆரம்பித்தார். அதுவரை தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் நடுவே பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி வைத்ததுதான் சட்டம். சுதேசிக் கப்பல் வந்ததும் வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. ஆளுக்கு ஒரு ரூபாய் என்றார்கள். சுதேசிக் கம்பெனி எட்டணா என்றது. உடனே அவர்கள், "காசே வேண்டாம், சும்மாவே வாருங்கள், ஆளுக்கு ஒரு குடையும் தருகிறோம்" என்றார்களாம்!

குடை கொடுத்தது நம் ஜனங்கள் வெயிலில் வாடுகிறார்களே என்ற பரிவினாலா? இல்லவே இல்லை. போட்டிக் கம்பெனி படுத்துவிட்டால் பிறகு வைத்ததுதானே விலை! 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானார். 1911இல் கம்பெனியே கலைக்கப்பட்டது. நான் சொல்ல வந்தது இதுதான்: இலவசமாக ஒன்று கையில் வந்தால், அந்தக் குடைக்கு யார் காசு கொடுக்கிறார்கள் என்று ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டும்.

எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்குக் கப்பல் என்றால் இன்னொரு ஞாபகமும் உண்டு. 'சிதம்பரம்' என்ற பெயரிலேயே ஒரு கப்பல் ஓடியது. பிரான்சில் கட்டியது. 1972இல் நம் அரசாங்கத்தின் ஷிப்பிங் கார்ப்பரேஷன் வாங்கி, சென்னையிலிருந்து மலேயா, சிங்கப்பூர் பக்கம் விட்டது. என் நாத்தனாரின் மாமனார் அதில்தான் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனார். வசதி உள்ளவர்களுக்குத் தனி அறை, மற்றவர்களுக்குப் பெரிய கூடத்தில் அடுக்குப் படுக்கை. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்துப் பலர் உயிரிழந்த பிறகு அந்தக் கப்பலின் ஓட்டம் நின்று போயிற்று. அந்தக் காலத்தில் டிக்கெட் வாங்கினால் விஷயம் முடிந்தது. கப்பல் நம்மை ஒரு கரையிலிருந்து இன்னொரு கரையில் கொண்டுபோய் விடும், அவ்வளவுதான். இப்போதைய உல்லாசக் கப்பலில் டிக்கெட் வாங்கிய பிறகுதான் விஷயமே ஆரம்பிக்கிறது.

மீனுக்கும் கப்பலுக்கும் என்ன வித்தியாசம்?

கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் விடியற்காலையில் மீன் வாங்கப் போயிருக்கிறீர்களா? படகு வந்து இறங்கியதும் வஞ்சிரம் ஒரு விலை. பத்து மணிக்கு ஒரு விலை. உச்சி வெயில் ஏறிவிட்டால், "எடுத்துக்கோம்மா, குடுக்கறதைக் குடு" என்று மீன்காரம்மாவே கூப்பிடுவார். அப்படியும் மிஞ்சினால்? உப்புப் போட்டுக் காயவைத்துக் கருவாடாக்கி விடுவார். நஷ்டம் பாதிதான்.

கப்பல்காரருக்கு அந்த வழி இல்லை. சாயங்காலம் சங்கு ஊதிக் கப்பல் கிளம்பிவிட்டால், காலியாக இருக்கிற அறைக்கு அன்றைய இரவின் காசு போனது போனதுதான். கப்பல் அறை கருவாடு ஆகாது! எரிபொருள், மாலுமி சம்பளம், துறைமுகக் கூலி எல்லாம் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். அதனால் எந்த விலைக்காவது அறையை நிரப்பி விடுவதுதான் அவர்களுக்கு லாபம். உள்ளே வந்தவர்கள் எப்படியும் ஏதாவது செலவழிப்பார்கள் இல்லையா?

இது நான் சும்மா சொல்வதில்லை. உலகத்திலேயே பெரிய உல்லாசக் கப்பல் நிறுவனமான அமெரிக்காவின் கார்னிவல் தன் வருஷக் கணக்கை எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுகிறது. 2024ஆம் வருஷம் அதன் வருமானம் சுமார் 2,500 கோடி டாலர். அதில் டிக்கெட்டில் வந்தது ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. மீதி ஒரு பங்கு, பெரும்பாலும் ஜனங்கள் கப்பலில் ஏறிய பிறகு குடித்தது, வாங்கியது, விளையாடியது, கரையில் சுற்றியது இவற்றிலிருந்துதான். ஆக, வாசலில் எழுதிப் போட்டிருக்கும் விலை உள்ளே அழைக்கிற வெற்றிலை பாக்கு. விருந்துச் செலவு வேறே!

இதைப் புரிந்துகொண்டால் விலை ஏன் இப்படி ஏறி இறங்குகிறது என்பதும் புரியும். ஒரு வருஷம் முன்னாலேயே பதிவு செய்தால் ஒரு விலை. பள்ளி விடுமுறை, தீபாவளி, வருஷப் பிறப்பு என்றால் உச்ச விலை. புறப்படச் சில வாரம் இருக்கையில் அறைகள் மிஞ்சினால் திடீரென்று இறங்கும். நிரம்பிக்கொண்டு வந்தால் ஏறும். பக்கத்து அறைக்காரர் நம்மில் பாதிதான் கொடுத்திருப்பார்! அதை நினைத்து வயிறு எரிந்து பிரயோஜனமில்லை.

நாத்தனார் வீட்டுக் கணக்கு நோட்டு

இனி நடந்த ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். சிதம்பரத்தில் இருக்கும் என் பெரிய நாத்தனார் வீட்டுக்காரருக்குச் சென்ற வருஷம் அறுபது முடிந்தது. திருக்கடையூரில் சாந்தி நன்றாக நடந்தது. பிள்ளை சிங்கப்பூரில் இருக்கிறான். "அப்பா அம்மாவை மூணு ராத்திரி கப்பல்ல கூட்டிட்டுப் போறேன், அத்தை" என்று என்னிடம் ஆசையாகச் சொன்னான். நல்ல பிள்ளை. எனக்கும் சந்தோஷம்தான். எந்தக் கப்பல் என்பது இங்கே முக்கியமில்லை. எல்லாக் கப்பலிலும் வழக்கம் ஏறக்குறைய ஒன்றுதான்.

விளம்பரத்தில் ஆளுக்கு நம் பணத்தில் 27,000 ரூபாய். குழந்தைக்கு இலவசம். அவர்கள் நாலு பேர் பெரியவர்கள், ஏழு வயசுப் பேரன் ஒருவன். நாலு 27,000, ஒரு லட்சத்து எட்டாயிரம், முடிந்தது என்று நினைத்து இரண்டு அறை பதிவு செய்துவிட்டான். அதற்குள் கப்பல் கம்பெனியிலிருந்து ஒரு மின்னஞ்சல். "உங்கள் பயணத்தை இன்னும் சிறப்பாக்கிக் கொள்ளுங்கள்! ஜன்னல் இல்லாத உள் அறைக்குப் பதிலாகக் கடலைப் பார்த்த பால்கனி அறை! உங்கள் விலையை நீங்களே சொல்லுங்கள்!"

நாத்தனார் எனக்குப் போன் செய்தார்.

"ஏம்மா, பால்கனியில உக்காந்து காபி குடிச்சிக்கிட்டே கடலப் பாக்கலாமாம். வாழ்க்கையில ஒருதரம்தானே? பையனுக்கு எதுக்குச் சிரமம், நானே குடுத்துடறேன். பேங்குல இருக்கிற டெபாசிட்ட எடுத்துடலாம்னு பாக்கறேன்."

எனக்குப் பகீரென்றது. அந்த டெபாசிட் எதற்கு என்று எனக்குத் தெரியும். அக்காவுக்கு இரண்டு வருஷமாக வலது முழங்கால் தேய்ந்து போயிருக்கிறது. கீழ வீதிக் கோயில் வாசலுக்குப் போய்வரவே ஆட்டோ வைக்கிறார். இந்த வருஷத்துக்குள் ஆபரேஷன் செய்துகொள்ளச் சொல்லி டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதற்காகச் சிறுகச் சிறுகச் சேர்த்த இரண்டரை லட்சம் அது.

மறுநாளே கடலூரில் பஸ் ஏறிச் சிதம்பரம் போனேன். "வேண்டாம்" என்று நான் சொல்லவில்லை. மூத்தவரிடம் அப்படிச் சொல்லவும் முடியாது, சொல்வது நியாயமும் இல்லை. "அக்கா, கணக்கு எழுதிப் பாத்துடலாமே" என்றேன். பேரனின் பழைய நோட்டில் இருவரும் எழுதினோம். பிள்ளையைப் போனில் கேட்டுக் கேட்டு எழுதியது இது:

டிக்கெட், 4 பேருக்கு: 1,08,000
துறைமுகக் கட்டணமும் வரியும், 5 பேருக்கு: 27,500
பணியாளர் இனாம், 5 பேருக்கு 3 நாள்: 22,500
கரையில் இறங்கிச் சுற்றிப் பார்க்க: 20,000
இன்டர்நெட், ஸ்பெஷல் காபி, குளிர்பானம், போட்டோ: 12,000
ஆக மொத்தம்: 1,90,000

பார்த்தீர்களா! சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதை. "இலவசக் குழந்தை"க்கும் துறைமுகக் கட்டணம் உண்டு, இனாமும் உண்டு. பெற்றோருடன் அதே அறையில் மூன்றாவது ஆளாகப் படுத்தால்தான் டிக்கெட் இலவசம். இனாம் என்றால் நாம் பார்த்துக் கொடுப்பது என்று நினைக்காதீர்கள். பெரும்பாலான பெரிய கப்பல்களில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 முதல் 20 டாலர் வரை அவர்களே கணக்கில் ஏற்றி விடுவார்கள்.

அடுத்தது பால்கனி. ஆளுக்கு 14,000 வரை ஏலம் கேட்டால்தான் கிடைக்கும் போலிருந்தது. ஓர் அறைக்கு இரண்டு பேருக்குக் கட்ட வேண்டும். இரண்டு அறைக்கும் சேர்த்து 56,000. மொத்தம் 2,46,000! முதலில் மனசில் நினைத்த ஒரு லட்சத்து எட்டாயிரம் எங்கே, இது எங்கே? அக்கா நோட்டையே பார்த்துக்கொண்டு இருந்தார். "ஆபரேஷனுக்கு வச்சதும் இவ்வளவுதானேம்மா!" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

மேல் அறை என்றால் மேலான அறையா?

இந்த 'அப்கிரேடு' ஏலத்தைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். ராயல் கரீபியன் நிறுவனம் இதற்கு 'ராயல்அப்' என்றே பெயர் வைத்திருக்கிறது. விற்காத நல்ல அறைகளை, ஏற்கனவே பதிவு செய்தவர்களிடமே ஏலம் விடுவதுதான் விஷயம். திரையில் ஒரு முள் இருக்கும். குறைவாகக் கேட்டால் சிவப்பில் நிற்கும், கூட்டக் கூட்டப் பச்சைக்குப் போகும். அந்த முள்ளைப் பச்சைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று நம் கை தானாகத் துடிக்கும்! மற்றவர்கள் என்ன கேட்டிருக்கிறார்கள், எத்தனை அறை மிச்சம் இருக்கிறது என்பதெல்லாம் நமக்குத் தெரியாது. அவர்கள் ஒப்புக்கொண்டு விட்டால் காசை எடுத்துக் கொள்வார்கள், பிறகு வேண்டாம் என்று சொல்ல முடியாது. நாம் காலி செய்கிற சின்ன அறையும் அவர்களுக்கு வீணாகாது, அதைக் கடைசி நேரத்தில் வேறொருவருக்கு விற்கலாம். ஒரு கல்லில் இரண்டு மாங்காய்.

இன்னொரு விஷயம், இது நம் உடம்பைப் பற்றியது. கப்பல் அலையில் ஆடும்போது ஊஞ்சல் போலத்தான். நுனியில் ஆட்டம் ஜாஸ்தி, நடுவில் குறைவு. கீழ்த்தளத்தில், கப்பலின் நடுவே உள்ள அறையில்தான் ஆட்டம் மிகக் குறைவாகத் தெரியும். மேலே மேலே, முன்னே முன்னே போகப் போக ஆட்டம் கூடும். ஆனால் விலை பாருங்கள், மேலே போகப் போகத்தான் ஏறுகிறது! பஸ்ஸில் போனாலே தலை சுற்றி வாந்தி எடுப்பவர்கள், காசு கொடுத்து மேல் தளத்து முன் அறைக்கு மாறினால், காசு கொடுத்துக் கஷ்டத்தை வாங்கிய கதைதான். எங்கள் அக்காவுக்குத் திருச்சிக்குப் பஸ்ஸில் போனாலே எலுமிச்சம்பழம் கையில் வேண்டும்!

அதனால் கடைசியில் என்ன முடிவாயிற்று என்றால், பால்கனி வேண்டாம். கீழ்த்தளத்தில் நடுவாக, லிப்டுக்குப் பக்கத்தில் உள்ள அறையைக் கேட்டு வாங்கு என்று பிள்ளையிடம் சொன்னோம். முழங்கால் வலிக்காரருக்கு நீண்ட நடைபாதையில் நடப்பதுதான் பெரிய கஷ்டம். இந்த மாற்றத்துக்குக் காசே கேட்கவில்லை. இருபதாயிரம் ரூபாய் கரைச் சுற்றுலாவையும் விட்டுவிட்டு, அவர்களாகவே இறங்கிச் சுற்றிக் கொண்டார்கள். மேல்தளத்துத் திறந்த வெளி எல்லாருக்கும் பொது. பத்தாயிரம் கொடுத்தவரும் லட்சம் கொடுத்தவரும் பார்ப்பது ஒரே கடலைத்தான். அக்கா தினமும் விடியற்காலையில் அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்து சூரியோதயம் பார்த்தாராம். "தேவனாம்பட்டினத்துல பாக்கற அதே சூரியன்தாம்மா, ஆனா சுத்தி நாலு பக்கமும் தண்ணி" என்று குழந்தை போலச் சொன்னார். டெபாசிட் அப்படியே இருந்தது. தை மாசம் ஆபரேஷன் ஆயிற்று. இப்போது கைத்தடியோடு நாலு வீதியையும் சுற்றி வருகிறார்.

பால்கனியே கூடாது என்று நான் சொல்லவில்லை. கையில் தாராளமாக இருந்து, கூட்டம் பிடிக்காதவர்கள், அறையிலேயே ஓய்வாக இருக்க விரும்புகிறவர்கள் எடுத்துக் கொள்ளட்டும். வேறு எதற்கோ வைத்த பணத்தில் கை வைக்கக் கூடாது, அவ்வளவுதான்.

கொசுறும் வாடிக்கையும்

மளிகைக் கடைக்காரர், சாமான் கட்டி முடித்ததும் குழந்தை கையில் கொஞ்சம் பொட்டுக்கடலை கொடுப்பார். குழந்தை மறு தடவையும் அந்தக் கடைக்குத்தான் கையைப் பிடித்து இழுக்கும். கப்பல் கம்பெனிகளின் 'விசுவாச உறுப்பினர்' திட்டமும் இந்தக் கொசுறுதான். பெயர்தான் பெரிசு.

ராயல் கரீபியன் திட்டத்தையே எடுத்துக் கொள்வோம். ஓர் இரவு கப்பலில் இருந்தால் ஒரு புள்ளி. பெரிய சொகுசு அறை எடுத்தால் இரண்டு புள்ளி. புள்ளி சேரச் சேரத் தங்கம், பிளாட்டினம், மரகதம், வைரம் என்று படி ஏறலாம். வைரம் ஆக 80 புள்ளி. எல்லாவற்றுக்கும் மேலே இருக்கிற உச்சப் படிக்கு 700 புள்ளி. சாதாரண அறையிலேயே போனால் 700 இரவு, ஏறத்தாழ இரண்டு வருஷம் கப்பலிலேயே குடித்தனம்! வைரம் ஆனால் என்ன கிடைக்கும்? தினமும் நாலு பானம் இலவசம், இன்டர்நெட்டில் சலுகை, வரிசையில் முன்னுரிமை, இப்படிச் சில. கசப்பான விஷயம் ஒன்றுமில்லை, கொடுத்தால் வாங்கிக் கொள்ளலாம். ஆனால் "இன்னும் ஆறு ராத்திரி போனா வைரம் ஆயிடும்" என்று அடுத்த டிக்கெட்டை வாங்குகிறவர்கள் உண்டு. நாலு டம்ளர் பானத்துக்காக ஒரு லட்சம் செலவு! கொசுறுக் கறிவேப்பிலைக்காகக் கூடை கூடையாகக் கத்தரிக்காய் வாங்குவோமா?

கப்பலிலேயே ஒரு மேஜை போட்டு, அடுத்த பயணத்துக்கு முன்பணம் கட்டச் சொல்வார்கள். கட்டினால் கப்பலில் செலவழிக்க இவ்வளவு டாலர் தருகிறோம் என்பார்கள். மூன்று நாள் நன்றாகச் சாப்பிட்டு, பாட்டுக் கேட்டு, மனசு குளிர்ந்திருக்கிற நேரம் பார்த்து! எந்த முடிவையும் வீட்டுக்கு வந்து, அழுக்குத் துணியைத் துவைத்துக் காயப்போட்ட பிறகு எடுங்கள். பாதி ஆசை அதற்குள் அடங்கிவிடும்.

எல்லாக் கொசுறிலும் பொல்லாதது சூதாட்ட அறையின் கொசுறு. அங்கே நிறையப் பணம் போடுகிறவர்களைக் குறித்து வைத்துக்கொண்டு, "உங்களுக்கு அடுத்த பயணத்தில் அறை இலவசம்" என்று அழைப்பு அனுப்புவார்கள். இலவச அறைக்கு அவர்கள் முன்னமேயே விலை கொடுத்தாகிவிட்டது என்பதுதான் பொருள். கடலூரிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் புதுச்சேரியில், 2022 ஜூனில் சென்னையிலிருந்து வந்த உல்லாசக் கப்பலுக்குப் பயணிகளை இறக்க அனுமதி கிடைக்கவில்லை. கப்பலில் சூதாட்டம் இருக்கிறது என்ற எதிர்ப்புத்தான் அப்போது பெரிதாகப் பேசப்பட்டது. வீட்டு ஆண்களோடு போகிற சகோதரிகள் இந்த ஒன்றில் கண்ணாக இருக்க வேண்டும்.

தனியாகப் போகிறவர்கள் கவனத்துக்கு

பிச்சாவரத்தில் படகுக்குத்தான் கட்டணம், தலைக்கு இல்லை. ஒருவர் மட்டும் ஏறினாலும் படகுக் காசைக் கொடுத்தாக வேண்டும். கப்பல் அறையும் அப்படித்தான். விளம்பரத்தில் 'ஆளுக்கு' என்று போட்டிருப்பது, இரண்டு பேர் சேர்ந்து தங்கினால். ஒருவர் மட்டும் என்றால் பல கப்பல்களில் ஏறக்குறைய இரட்டைக் கட்டணம். கணவரை இழந்தவர்கள், தனியாக இருப்பவர்கள், ஒரு தோழியையோ அக்கா தங்கையையோ சேர்த்துக்கொண்டு போனால் பாதிச் செலவு மிச்சம், பேச்சுத் துணையும் ஆயிற்று.

முடிந்து வைத்துக்கொள்ள வேண்டியவை

1. 'ஆளுக்கு இவ்வளவு முதல்' என்பதைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். டிக்கெட், துறைமுகக் கட்டணம், வரி, இனாம், கரைச் சுற்றுலா, ஊரிலிருந்து போய்வரும் செலவு எல்லாம் கூட்டி, தலைக்கு ஓர் இரவுக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள். இரண்டு கப்பலை ஒப்பிட இதுதான் சரியான வழி.

2. மதுபானமோ குளிர்பானமோ, 'தினமும் எவ்வளவு வேண்டுமானாலும்' என்ற திட்டம் எடுக்குமுன், ஒரு நாளைக்கு நாம் எத்தனை குடிப்போம் என்று எண்ணுங்கள். சில கப்பல்களில் அறையில் ஒரு பெரியவர் மதுத் திட்டம் எடுத்தால் கூட இருக்கும் பெரியவரும் எடுத்தாக வேண்டும் என்ற விதியும் உண்டு. காபியும் மோரும் குடிக்கிற நாம் எதற்குத் தண்டம் அழ வேண்டும்?

3. இந்தியாவிலிருந்து ஏஜெண்டு மூலம் வெளிநாட்டுச் சுற்றுலாவுக்குப் பணம் கட்டினால் டி.சி.எஸ். என்று ஒரு வரி பிடிப்பார்கள். ரசீதைப் பத்திரமாக வையுங்கள். வருமான வரிக் கணக்குக் காட்டும்போது கழித்துக்கொள்ளவோ திரும்பப் பெறவோ முடியும்.

4. பயண இன்ஷூரன்ஸ் மட்டும் மிச்சம் பிடிக்கிற இடம் இல்லை. கப்பலில் டாக்டர் இருப்பார், ஆனால் கட்டணம் கடுமையாக இருக்கும். நம் ஊர் மருத்துவ இன்ஷூரன்ஸ் பெரும்பாலும் அங்கே செல்லுபடி ஆகாது. முன்பே உள்ள வியாதிகளுக்கும் பொருந்துகிற பாலிசியாகக் கேட்டு வாங்குங்கள்.

5. சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மாத்திரைகளைக் கைப்பையிலேயே வையுங்கள். பெரிய பெட்டி அறைக்கு வந்து சேர நேரம் ஆகும். சாப்பாடு டிக்கெட்டில் சேர்த்தி என்பதால் காசை ஈடு கட்டுகிறேன் என்று வளைத்துக் கட்டாதீர்கள். வயிறு நம்முடையது!

6. தலை சுற்றல் உள்ளவர்கள் புறப்படுமுன் டாக்டரைக் கேட்டு மாத்திரை வாங்கிக் கொள்ளுங்கள். இஞ்சி மரப்பா ஒரு பொட்டலம் கையில் இருக்கட்டும். குமட்டினால் மூடிய அறையில் படுத்திருக்காமல், மேல்தளத்துக்குப் போய்க் காற்றாட நின்று, தூரத்தில் வானமும் கடலும் சேருகிற இடத்தைப் பாருங்கள்.

7. உறுப்பினர் திட்டத்தில் இலவசமாகச் சேர முடிந்தால் சேருங்கள். ஆனால் புள்ளிக்காகப் பயணம் வேண்டாம். பயணத்தோடு புள்ளி வந்தால் வரட்டும்.

கடைசியாக ஒன்று. ஆசைப்படுவது தப்பில்லை சகோதரிகளே. ஆயுசு முழுக்க அடுப்படியில் நின்றவளுக்கு மூன்று நாள் யாராவது சமைத்துப் போட்டு, தட்டையும் கழுவி வைத்தால், அதைவிடப் பெரிய சொர்க்கம் ஏது? அதற்காகவே கப்பலில் போகலாம்! ஆனால் எந்த அறையில் இருந்தாலும் அந்தச் சாப்பாடு கிடைக்கும், அந்தக் கடலும் தெரியும். அவர்கள் கருவாடாக்க முடியாத அறையை நம் தலையில் கட்ட நாலு வழி வைத்திருந்தால், நம்மிடமும் ஒரு நோட்டும் பென்சிலும் இருக்கிறதே!

உங்களில் யாராவது கப்பலில் போய்வந்து, சிக்கனமாகச் செய்த யோசனை ஏதாவது இருந்தால் எழுதுங்கள். அடுத்த இதழில், சமையல் பாத்திரங்களைப் பழசுக்குப் புதுசு மாற்றும் கணக்கைப் பார்ப்போம்.